லிசியாத்தேயின் நைட் ஷிப்ட்

தான் வாடகை கட்டுகிற வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் பின்வாசல் படியில் நின்று இருமுகிற ஆள் லிசியாத்தே. ஏர்போர்ட்டில் பெட்டி தூக்கிப் போடுகிற வேலை. நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம், அதற்கேற்ற தோள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு பூனை மாதிரி படியில் நின்று 'க்கும்' என்று ஒரு செருமல். உள்ளேயிருந்து பெண்டாட்டி மெலியாமே, "அக்கா கூடத்துல இருக்காங்க" என்று குரல் கொடுத்தால் போதும், அப்படியே திரும்பி கராஜுக்குப் போய்விடுவான். சாப்பாடு பின்னாலேயே அங்கே போகும்.

தொங்கா தீவுகளில் பிறந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கூடப் பிறந்தவள் மூத்தவளோ இளையவளோ, ஆண்பிள்ளைக்கு அவள் ஒரு படி மேல். அவள் இருக்கிற அறையில் இவன் காலை நீட்டி உட்கார மாட்டான். அவள் படுக்கிற அறையை எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் படுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் ஆக்லாந்துக்கு வந்து இத்தனை வருஷத்தில் பாதிப் பேர் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். இவர்கள் இருக்கிற மாங்கெரேயில் வாடகை விற்கிற விலையில் ஆளுக்கொரு கூரைக்கு எங்கே போவது? லிசியாத்தே மட்டும்தான் விடாப்பிடியாக நின்றான்.

"இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தாம்ப்பா இப்படி" என்பாள் மகள் செய்னி. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், வாய் கொஞ்சம் நீளம்.

"தெருவுல இருக்கிறவனுக்கெல்லாம் உன் அத்தை மாதிரி ஒரு அக்கா இருக்காங்களா?"

சின்ன வயதில் லிசியாத்தேவுக்கு மூட்டுக் காய்ச்சல் வந்து இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போனபோது, அம்மா இல்லாத பிள்ளையைப் படகில் ஏற்றித் தலைநகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைக்க வைத்தவள் அக்கா ஃபோலோலா. பாய் முடைந்து முடைந்து அவனுக்கு ஆக்லாந்துக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். தம்பி போய்ச் சேர்ந்து காலூன்றிய பிறகுதான் அவள் கல்யாணமே செய்துகொண்டாள். பிள்ளை இல்லை. புருஷனும் செத்துப்போனபோது தம்பி டிக்கெட் அனுப்பினான். அவள் வந்து இறங்கிய அன்றே முன் அறையைக் காலி செய்து கொடுத்தான். அடுத்த அறை மகளுக்கு. இவனும் மெலியாமேயும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனார்கள். ஊரில் கல்யாணம் ஆகாத பையன்கள் தனிக் குடிசையில் படுப்பார்கள். இங்கே தலை நரைத்தவன் கராஜில் படுத்தான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மெலியாமே குணம் வேறு. அவள் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். அங்கே கூட வேலை பார்த்த ஒருத்தியின் வாடகை வீடு தீப்பிடித்து, கட்டின துணியோடு நின்றாள். நின்ற மறுநாளே இன்ஷூரன்ஸ்காரர்கள் அவளுக்கு மோட்டலில் அறை போட்டுக் கொடுத்ததை மெலியாமே கண்ணால் பார்த்தாள். அந்த வாரமே தானும் ஒரு பாலிசி எடுத்தாள். சாமான்களுக்கும் காப்பு, வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறு இடத்தில் தங்குகிற செலவுக்கும் காப்பு. சபையில் பெண்கள் சிரியோ சிரி என்று சிரித்தார்கள்.

"வாடகை வீட்டுக்கு இன்ஷூரன்ஸாம்! வீடு வெள்ளைக்காரனோடது, கவலை இவளோடது."

"வேற சபையில சேர்ந்துட்டா போலிருக்கு. மாசாமாசம் காணிக்கை அங்க போகுது. போதகர் காதுல விழுந்துடப் போகுது மெலியாமே!"

"சிரிங்கடி, சிரிங்க. தண்ணி வந்தா யாரு வீட்டுக் கதவைத் தட்டுறீங்கன்னு பாப்போம்" என்றாள் மெலியாமே. வாய்முகூர்த்தம் என்பார்களே, அதுதான்.

பாலிசி எடுக்கும்போது வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். மூன்று பெயரைத்தான் சொன்னாள். ஃபோலோலா வந்தது அதற்குப் பிறகு. நாலாவது பெயரைச் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதைக்கே அவசியம் இல்லாமல் போயிருக்கும்.

ஜனவரி மாதம் அது. இந்த ஊரில் அப்போதுதான் நல்ல கோடை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்தது, விடவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற ஓடை முதலில் வேலியைத் தாண்டியது, பிறகு படியை. கராஜுக்குள் கட்டில் மிதந்தது. லிசியாத்தே இடுப்பளவு தண்ணீரில் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். மகளைத் தூக்கித் தோளில் வைத்து எதிர்மேட்டில் கொண்டு விட்டான், மெலியாமேயைக் கைத்தாங்கலாகக் கொண்டு போனான். ஃபோலோலாவைத் தூக்க மட்டும் பக்கத்து வீட்டுச் சமோவாக்காரனைக் கூப்பிட்டான். அவன் அவளைத் தூக்கிக்கொண்டு கடந்து போகிறவரை லிசியாத்தே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கதவைப் பிடித்தபடியே நின்றான். அக்கா மெத்தைக்கு அடியில் பரப்பி வைத்திருந்த பாய்கள், அவள் அம்மாவின் சாவுக்கும் அவள் கல்யாணத்துக்கும் சீராக வந்தவை, அத்தனையும் சேற்றில் ஊறிப் போயின.

இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்க ஹேமிஷ் என்று ஒரு பையன் வந்தான். நல்ல பையன், குற்றம் சொல்ல முடியாது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் டேப்லெட். மெலியாமே வேலைக்குப் போயிருந்தாள். அதுதான் வினையாகப் போயிற்று. லிசியாத்தேதான் அவனை அறை அறையாகக் காட்டினான். முன் அறை வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இந்த ரூம்ல யாருங்க படுக்கிறது?" என்று கேட்டான் ஹேமிஷ்.

"தெரியாது."

ஹேமிஷ் நிமிர்ந்து பார்த்தான். "தெரியாதா? சரி, உள்ள என்னென்ன சாமான் இருந்துச்சு?"

"தெரியாது. நான் உள்ள போறதில்ல."

"இந்த வீட்டுல எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"பொண்ணு சின்னப் பிள்ளையா இருந்தப்பலருந்து."

"அப்போலருந்து இந்த ரூமுக்குள்ள போனதே இல்லையா?"

"முன்ன போயிருக்கேன். இப்ப ரெண்டு வருஷமாப் போறதில்ல."

ஹேமிஷ் ஏதோ குறித்துக்கொண்டான். "கராஜுல ஒரு கட்டில் கிடக்குதே?"

"அது என்னோடது."

"உள்ள இவ்வளவு பெரிய ரூம் இருக்கிறப்ப நீங்க ஏங்க கராஜுல படுக்கிறீங்க?"

லிசியாத்தே கொஞ்சம் யோசித்தான். "அங்க காத்து நல்லா வரும்" என்றான்.

காற்றாம்! ஜன்னலே இல்லாத கராஜில். அந்தப் பையன் என்ன நினைப்பான்? முன் அறையை யாருக்கோ உள்வாடகைக்கு விட்டுவிட்டு மறைக்கிறான் என்றுதான் நினைப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

சாயங்காலம் வந்து கேட்ட மெலியாமே தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கான்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில முத்தா உதிர்ந்துடும்?"

"அக்கா எங்க படுக்கிறாங்க, கட்டிலுக்கு அடியில என்ன வச்சிருக்காங்கன்னு முகம் தெரியாத ஒரு பையன் எழுதிக்கிட்டுப் போகணுமா?"

"எழுதினாத்தான்யா ஏதாவது கிடைக்கும்."

"கிடைக்க வேணாம். இந்தப் பேச்சை விடு."

விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. மறுநாளே போனை எடுத்து, நாங்கள் மூன்று பேர் இல்லை, நாலு பேர் என்று சொல்லியிருக்கலாம். புருஷன் மனசு நோக வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

கம்பெனி மூன்று பேருக்கு மோட்டலில் இடம் பிடித்துக் கொடுத்தது. ஒட்டாஹுஹு பக்கம், பெரிய ரோட்டின் மேல். ஒரே அறை. பெரிய கட்டில் ஒன்று, சின்னக் கட்டில் ஒன்று, ஒரு சோபா, மூலையில் அடுப்பு, ஒரு குளியலறை. வீடு காய்ந்து, சுவர் மாற்றி முடிகிற வரைக்கும் வாடகையைக் கம்பெனி கட்டும். ஃபோலோலா முதல் வாரம் சபை மண்டபத்தில் மற்றவர்களோடு பாய் போட்டுப் படுத்தாள். வாரம் முடிந்ததும் மண்டபத்தை மூடினார்கள். அன்று காலையில் லிசியாத்தே வண்டியை எடுத்துக்கொண்டு போய், மகளை உள்ளே அனுப்பி அத்தையை அழைத்து வரச் சொல்லி, மோட்டல் வாசலில் இறக்கிவிட்டான். பெரிய கட்டில் அக்காவுக்கு என்றான். பிறகு மெலியாமேயைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா கேட்டா எனக்கு நைட் ஷிப்ட் போட்டுட்டாங்க, பகல்ல கூட வேலை பாக்குறவன் வீட்டுல தூங்குறேன்னு சொல்லு."

"நீ எங்க படுப்ப?"

"வண்டி இருக்குல்ல."

அந்த வண்டி ஒரு பழைய வேன். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை போட்டான். மோட்டலின் பின்பக்கம், துணி துவைக்கிற கொட்டகைக்கு அந்தண்டை நிறுத்திக்கொள்வான். அவனுக்குப் பகல் வேலைதான், எப்போதுமே பகல் வேலைதான். குளியல் ஏர்போர்ட்டில். கோடை என்பதால் மெலியாமே அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. நாலு மாதத்தில் வீடு தயார் என்று வீட்டுச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

நாலு மாதம் ஆயிற்று. சுவரைப் பிரித்தவன் திரும்பி வரவில்லை. வீட்டுக்காரருடைய இன்ஷூரன்ஸுக்கும் அவருக்கும் ஏதோ இழுபறி. இலை உதிர்ந்து, காலையில் வண்டிக் கண்ணாடியில் பனி உறையத் தொடங்கியது. லிசியாத்தேவின் செருமல் இருமலாக மாறியது. கெட்டுப்போன வால்வுக்காரன் ஈரத்திலும் குளிரிலும் படுக்கவே கூடாது என்று டாக்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். மெலியாமேவுக்கு அதன் பிறகு மனசில் ஒரே ஒரு எண்ணம்தான்: எப்படியாவது இந்த மனுஷனைக் கூரைக்குக் கீழே படுக்க வைக்க வேண்டும்.

ஃபோலோலாவுக்கு எதுவும் தெரியாது. சாயங்கால ஜெபத்தில் தவறாமல், "ஆண்டவரே, ராத்திரியெல்லாம் கண் விழிச்சு உழைக்கிற என் தம்பியைக் காப்பாத்தும். அவனுக்கு ராத்திரி வேலை போடுற அதிகாரிங்க மனசு இளகட்டும்" என்று வேண்டுவாள். செய்னி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருப்பாள். ஜெபம் முடிந்ததும் ஃபோலோலாவே எழுந்து டப்பாவில் சோறு கட்டுவாள். சேம்பிலையில் தேங்காய்ப்பாலும் உப்புக்கண்டமும் பொதிந்து வேகவைத்தது, வேகவைத்த கிழங்கு, எல்லாம். "ஏர்போர்ட்டு வரைக்கும் சூடு தாங்கணும்" என்று இரண்டு துண்டு சுற்றிக் கொடுப்பாள். மெலியாமே அதை எடுத்துக்கொண்டு துணி துவைக்கிற கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போவாள். சூடு எங்கே ஆறும்? அடுப்புக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு கொட்டகைதான்.

மோட்டலைப் பார்த்துக்கொண்டவள் ஊர்மிளா, பிஜிக்காரி. இதையெல்லாம் தினமும் பார்க்கிறவள். பார்த்துப் பார்த்து மனசு உருகிப் போயிருந்தாள். ஒருநாள் ஹேமிஷ் வழக்கம்போல பில் விஷயமாகப் போன் செய்து, அந்தக் குடும்பம் சௌகரியமாக இருக்கிறதா என்று கேட்டான். ஊர்மிளா கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"அந்த மாதிரி மனுஷனை நான் பார்த்ததே இல்லைங்க. ரூமுல அந்தம்மா இருக்காங்கன்னு, பாவம், இவர் மாசக்கணக்கா வேன்ல படுக்கிறார். அந்தம்மா வந்ததுலருந்து ஒருநாள்கூட உள்ள படுத்ததில்ல. பெரிய கட்டிலையே அவங்களுக்குக் கொடுத்துட்டார். தெய்வப் பிறவி!"

நல்லதுக்குத்தான் சொன்னாள். ஹேமிஷ் காதில் விழுந்தது வேறு. கம்பெனி வாடகை கட்டுகிற அறையில் யாரோ ஒரு பெண்மணி. வாடகை யாருக்காகக் கட்டுகிறோமோ அவன் வெளியே. முன் அறையைப் பற்றிக் கேட்டபோது தெரியாது என்றவன் இவன்தான்.

அவன் மெலியாமேவுக்குப் போன் செய்தான். இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. அக்கா என்றாள், இரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறார்கள் என்றாள், முன் அறை அவர்களுடையது என்றாள், அண்ணன் தம்பி அக்காள் தங்கை எங்கள் ஊரில் எப்படி என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஏங்க, இதை முதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு ரூமா எடுத்துக் கொடுத்திருப்போமே" என்றான் ஹேமிஷ்.

மெலியாமே அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். "இப்பக் கிடைக்குமா?"

"கிடைக்கும்னுதான் நினைக்கிறேன். அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும். அங்கதான் குடியிருந்தேன்னு அவங்க வாயால சொல்லிட்டாப் போதும்."

இரண்டு அறை! ஒன்று அக்காவுக்கு, இன்னொன்றில் ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்தி, இவன் படுக்கலாம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஃபோலோலா பேச வேண்டுமானால் வேன் விஷயத்தை அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லக் கூடாது என்று புருஷன் உத்தரவு. உத்தரவாவது ஒன்றாவது, என்று அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள்.

ஃபோலோலா டப்பாவில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றுவிட்டது.

"நைட் ஷிப்டுன்னு சொன்னீங்களே."

"அவருதான்க்கா சொல்லச் சொன்னாரு."

"எவ்வளவு நாளா?"

"நீங்க வந்த அன்னிலருந்து."

"இந்தப் பனியிலயா? அந்த நெஞ்சை வச்சுக்கிட்டா?" ஃபோலோலா டப்பாவை மூடினாள், திறந்தாள், திரும்ப மூடினாள். "நான் தினமும் ஜெபம் பண்ணினேனே, மெலியாமே. அதிகாரிங்க மனசு இளகணும்னு. எல்லாரும் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே."

"அக்கா, அதை விடுங்க. இப்ப அந்தப் பையன் போன் பண்ணுவான். ஆமா, அங்கதான் இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ரெண்டு ரூம் கொடுத்துடுவாங்க. எல்லாம் சரியாயிடும்."

ஃபோலோலா தலையை ஆட்டினாள். சொல்லிவிடுவாள் என்றுதான் இருந்தது. போன் வந்தது. செய்னி ஸ்பீக்கரில் போட்டு, ஆங்கிலத்தை அத்தைக்கு மொழிபெயர்த்துச் சொல்ல உட்கார்ந்தாள். பெயர் கேட்டான், சொன்னாள். லிசியாத்தே உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டான், தம்பி என்றாள். அடுத்ததாக ஹேமிஷ் கேட்டான், வழக்கமாக எல்லோரிடமும் கேட்கிற கேள்வி: "உங்க தம்பி உங்ககிட்ட வாடகை வாங்கினாரா?"

செய்னி மொழிபெயர்க்கத் தயங்கினாள். ஆனால் ஃபோலோலாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். முகம் சிவந்துவிட்டது.

"என்ன கேட்டான்? என் தம்பி என்கிட்ட காசு வாங்குறவன்னா கேக்குறான்?"

"அத்தை, அவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் கேப்பாங்க..."

"அக்காகிட்ட வாடகை வாங்குறவன்னு என் தம்பி பேர்ல எழுதப் போறானா?" போனுக்கு நேராகக் குனிந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அவளே சொன்னாள்: "நான் அங்க இருந்ததே இல்ல. நான் விருந்தாளி. தம்பி ஒரு காசு வாங்கினதில்ல. அந்த வீடு அவனோடது, அவன் பெண்டாட்டி பிள்ளையோடது. நான் நாளைக்குப் போயிடுவேன்."

மெலியாமே போனைப் பிடுங்குவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. தம்பிக்கு வந்த இழுக்கைத் துடைத்துவிட்ட திருப்தி அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்தபோது மெலியாமேவுக்குக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. கத்தித்தான் என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் ஃபோலோலா சொன்னபடியே போய்விட்டாள். அரசாங்க உதவித்தொகை அலுவலகத்தில் போய்க் கேட்டிருக்கிறாள், பாபாடோய்டோயில் ஒரு விடுதியில் கட்டில் கொடுத்திருக்கிறார்கள். ஜெயிலிலிருந்து வந்தவன், குடித்துவிட்டு விழுகிறவன், போக்கிடம் இல்லாதவன், எல்லோரும் சேர்ந்து கிடக்கிற இடம். போவதற்கு முன்னால் பெரிய கட்டிலின் விரிப்பை மாற்றி, தலையணையைத் தட்டி வைத்து, ஹீட்டரையும் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

லிசியாத்தே வேலை முடிந்து வந்தான். மெலியாமே வேன் கதவைத் திறந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அக்கா வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த அறைக்குள் கால் வைத்தான். கட்டிலில் உட்காரவில்லை. தரையில், கதவு ஓரமாக உட்கார்ந்தான். மெலியாமே நடந்ததை எல்லாம் சொன்னாள். கேட்டுக்கொண்டே சாப்பிட்டான்.

"எந்த விடுதி?" என்று மட்டும் கேட்டான்.

சொன்னாள். தட்டைக் கீழே வைத்தான். "அங்கயா? அந்த இடத்துலயா அக்கா படுக்கப் போறாங்க?" சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான்.

மெலியாமே கதவை மறித்துக்கொண்டு நின்றாள். "நான் உனக்கு யாரு? சொல்லிட்டுப் போ. கல்யாணம் பண்ணி இத்தனை வருஷம், எனக்குன்னு ஒண்ணு கேட்டிருக்கேனா? கூரைக்கு அடியில படுக்கிற புருஷன் ஒருத்தன் வேணும்னு கேக்குறேன். அது பெரிய ஆசையா? அந்த அம்மா உனக்காகத்தான்யா போனாங்க! நீ இந்தக் கட்டில்ல படுக்கணும்னு விரிப்பு மாத்திட்டுப் போயிருக்காங்க!"

"தெரியும்."

"தெரிஞ்சும் போறியா? நீ செத்துப் போனா நம்ம ஊர் முறைப்படி அந்த அக்காதான் சவத்துக்குத் தலைமாட்டுல உக்காருவாங்க. நான் எங்கேயோ ஒரு மூலையில உக்காருவேன். அதுக்குத்தான் இவ்வளவு அவசரமா?"

லிசியாத்தே அவள் தலையில் கையை வைத்தான். "நீ தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படு, மெலியாமே. அங்க கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது."

அன்றிலிருந்து வேன் அந்த விடுதிக்கு எதிரில் நின்றது.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து அடுத்த வாரம் ஹேமிஷ் பேசினான். குரலே இறங்கிப் போயிருந்தது. "நீங்க ஒண்ணு சொல்றீங்க, உங்க கணவர் ஒண்ணு சொன்னார், அந்தம்மா வேற ஒண்ணு சொல்றாங்க. நான் உங்களை நம்புறேங்க. ஆனா மேல இருக்கிறவங்க விசாரிக்கணும்னுட்டாங்க. அது முடியிற வரைக்கும் மோட்டலுக்குக் கட்ட முடியாது."

"அவங்க பொய் சொன்னது எங்களுக்காகத்தான், தம்பி" என்றாள் மெலியாமே.

"புரியுதுங்க. ஆனா அதை எப்படி எழுதுறது?"

அவனுக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. சபையில் சிரித்த பெண்கள் இப்போது சிரிக்கவில்லை. வீட்டுக்கு வா என்று கூப்பிட்டார்கள். அவரவர் வீட்டில் ஏற்கெனவே வெள்ளத்தில் வந்த சொந்தக்காரர்கள் கூடம் வரைக்கும் படுத்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சை இருக்கிறதென்று செய்னியை மட்டும் ஒரு வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஊர்மிளா மூக்கைச் சிந்திக்கொண்டு, "நல்லதைத்தானே சொன்னேன், மெலியாமே. நான் நல்லதைத்தானே சொன்னேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நல்லதைத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே இல்லை.

மெலியாமே இரண்டு பையையும் ஒரு தலையணையையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. இன்னும் நன்றாக இருட்டவில்லை. வேனின் பக்கக் கதவைத் தட்டினாள். லிசியாத்தே திறந்தான். அவள் கையில் பைகளைப் பார்த்தான். நகர்ந்து இடம் கொடுத்தான். பலகை ஈரமாக இருந்தது. அவன் இருமியபோது வண்டியே ஆடியது.

கொஞ்ச நேரத்தில் விடுதிக் கதவு திறந்து ஃபோலோலா வெளியே வந்தாள். கையில் துண்டு சுற்றிய டப்பா. தூறலில் மெதுவாக ரோட்டைக் கடந்தாள். லிசியாத்தே அவளைப் பார்த்ததும் மறுபக்கக் கதவு வழியாக இறங்கி, வண்டிக்கு அந்தப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அக்கா நிற்கும்போது அவன் உட்கார மாட்டான். நெஞ்சில் கபம் கட்டினவன் மழையில் நின்றான்.

ஃபோலோலா டப்பாவை மெலியாமேயிடம் நீட்டினாள். பைகளைப் பார்த்தாள். தலையணையைப் பார்த்தாள்.

"அந்த ரூமு?"

"போச்சுக்கா."

ஃபோலோலாவின் கை டப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தது. "நான் சொன்னதாலயா?" என்று கேட்டாள். வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் வந்தது, அடக்கப் பார்த்தும் அடங்காத இருமல்.

"ஜன்னல்லருந்து தினமும் பாக்குறேன் இந்த வண்டியை" என்றாள் ஃபோலோலா. "மெலியாமே, இது..."

"மெலியாமே" என்று அந்தப் பக்கத்திலிருந்து லிசியாத்தே கூப்பிட்டான். குரல் கரகரத்தது. "அக்காகிட்டச் சொல்லு. எனக்கு நைட் ஷிப்ட் இந்தப் பக்கமா மாத்திட்டாங்க. அதான் வண்டி இங்க நிக்குது."

அவன் நாலு எட்டில் நின்றான். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அக்கா காதில் விழுந்தது. ஆனாலும் முறைக்கு மெலியாமே சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள்.

"அக்கா, அவருக்கு நைட் ஷிப்டாம். இந்தப் பக்கமா மாத்திட்டாங்களாம்."

ஃபோலோலா டப்பாவை விட்டாள். முகத்தில் வழிந்த மழையைப் புறங்கையால் துடைத்தாள்.

"சரி" என்றாள். "நல்லாப் போத்திக்கிட்டு வேலை பாக்கச் சொல்லு."

தான் நிற்கிற வரைக்கும் அவனும் நிற்பான் என்று அவளுக்குத் தெரியும். அதனால் திரும்பி ஓட்டமும் நடையுமாக ரோட்டைக் கடந்து உள்ளே போய்விட்டாள். லிசியாத்தே வண்டிக்குள் ஏறினான். மெலியாமே துண்டால் அவன் தலையைத் துவட்டிவிட்டு, டப்பாவைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். சோறு இன்னும் சூடாகத்தான் இருந்தது.